நல்ல நேரத்தில் போட்ட இமேஜ்

செலின் மேரிக்குப் பரவாயில்லை என்கிற வார்த்தை ஆகாது. எங்கள் ஆபீஸ் வாசலில் இருக்கிற டீக்கடைக்காரர், "சக்கரை போட மறந்துட்டேன், பரவால்லையா?" என்று கேட்டால், "பரவா இருக்குது, போட்டுக் குடுங்க" என்பாள். முகத்தில் கோபம் ஒன்றும் இருக்காது. ஆனால் போட்டுக் கொடுத்தால்தான் நகருவாள்.

நான் எழிலரசன். பாகூர்க்காரன். வில்லியனூர்ப் பக்கம் ஒரு தகர ஷெட்டில் நடக்கிற சின்னக் கம்பெனியில் அவளுக்குக் கம்ப்யூட்டர் வேலை, எனக்கு ஏணி தூக்குகிற வேலை. நாங்கள் செய்வது ஒரு பொட்டி. எங்கள் பக்கத்து ஊர்களில் சமுதாய போர்வெல் இருக்கும். விவசாயிகள் சிலர் சங்கம் வைத்து, ஒரே மோட்டாரில் முறை போட்டுத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். அந்த மோட்டாருக்குப் பக்கத்தில் எங்கள் பொட்டியை மாட்டுவோம். யாருடைய முறையோ அந்த நேரத்துக்கு அது மோட்டாரைப் போட்டு, அவருடைய வால்வைத் திறந்து, நேரம் முடிந்ததும் மூடிவிடும். அடுத்தவன் முறைத் தண்ணீரைத் திருப்பிக்கொள்கிற தகராறு, மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வரப்பில் நிற்கிற தகராறு எல்லாம் இனி இல்லை என்று சொல்லித்தான் விற்கிறோம். மாட்டுகிறவன் நான். ஏதாவது ஆனால் திட்டு வாங்குகிறவனும் நான். அதனால் எனக்குக் கோபம் கொஞ்சம் கூடவே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொட்டிக்குள் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கிறது. அதை எழுப்புவதிலிருந்து மோட்டாரைப் போடுவது வரைக்கும் தேவையான மொத்தத்தையும் ஒரே கட்டாகக் கட்டி உள்ளே இறக்குவார்கள். அந்தக் கட்டுக்கு இமேஜ் என்று பெயர். ஒவ்வொரு சங்கத்துக்கும் முறைப் பட்டியல் வேறு என்பதால் சங்கத்துக்கு ஒரு இமேஜ். அதைக் கட்டுகிற வேலைதான் செலினுடையது. கட்டுகிறது என்றால் கையால் இல்லை. ஆபீஸ் மூலையில் இருக்கிற பெரிய சர்வரில் ஒரு கட்டளை போட்டால், எண்ணிக்கை தெரியாத அளவுக்குச் சின்னச் சின்ன வேலைகள் ஒரே நேரத்தில் ஓடி, சாயங்காலத்துக்குள் இமேஜ் வந்துவிடும்.

"இதுல கஷ்டமே ரேஸ் கண்டிஷன்தாண்ணா" என்று ஒருநாள் சொன்னாள்.

"அது இன்னாம்மா, குதிரையா?"

அவள் சிரிக்கவில்லை. யோசித்துவிட்டுச் சொன்னாள். "கல்யாணப் பந்தி பாத்திருக்கீங்க இல்ல? ஒருத்தர் எலை போட்டுக்கினே போறாரு. பின்னாடியே ஒருத்தர் சோறு வெச்சிக்கினே வர்றாரு. எலை போட்ட அப்புறம்தான் சோறுன்னு யாரும் அவருக்குச் சொல்லி வெக்கல. எலைக்காரர் எப்பவும் முன்னாடி போறதால ஒழுங்கா நடந்துக்கினு இருக்குது. ஒருநாள் எலைக்காரரை யாராவது கூப்ட்டு நிறுத்திட்டா?"

"சோறு டேபிள்ல வுழும்."

"வுழுந்தா நல்லதுண்ணா. நாலு பேரு பாப்பாங்க. சத்தம் போடுவாங்க. எலை இல்லாத எடத்துல நிக்காத, பரவால்ல, அடுத்த ஆளுக்குப் போன்னு சோத்துக்காரருக்குச் சொல்லி வெச்சிருந்தா இன்னா ஆவும்? ஒருத்தர் பசியோட உக்காந்துக்கினு இருப்பாரு. கல்யாண வூட்டுக்காரர் கேட்டா, எல்லாருக்கும் வெச்சாச்சு, பந்தி முடிஞ்சிடுச்சும்பாங்க."

எனக்கு அன்றைக்கு இது நல்ல வேடிக்கையாக இருந்தது.

செலினின் அப்பா அல்போன்ஸ். கரியமாணிக்கம் போகிற வழியில், மாதா கோயில் உள்ள ஒரு கிறிஸ்தவ ஊர். மணல் கலந்த கொஞ்சம் நிலம், அதில் நெல். செலின் பன்னிரண்டாவது படிக்கும்போது அம்மா இறந்துவிட்டார். அதற்குப் பிறகு அவரே சமைத்து, அவரே டிபன் கட்டி, அவரே காலேஜ் பஸ் நிற்கிற இடம் வரைக்கும் சைக்கிளில் கொண்டுபோய் விட்டுத்தான் அவளை இன்ஜினியர் ஆக்கினார். சென்னையில் சில வருஷம் வேலை பார்த்தாள். கம்பெனி பஸ் ஓட்டுகிற டேனியலைக் கட்டிக்கொண்டு வில்லியனூரில் குடிவந்தாள். அப்பாவை வந்து கூட இருக்கச் சொல்லிப் பார்த்தாள். "நெலத்த யாரு பாக்கறது?" என்று அவர் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் வில்லியனூருக்கு வருவார். மகள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு மாலை பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார்.

எங்கள் பொட்டி அந்த ஊருக்குப் போனதே அவரால்தான். சங்கக் கூட்டத்தில் பாதிப் பேர் வேண்டாம் என்றார்கள். அவர் எழுந்து, "எம் பொண்ணு செஞ்சது. தப்பு பண்ணாது" என்றார். வாயே திறக்காத மனிதர் பேசியதால் ஒத்துக்கொண்டார்கள். பொட்டி வந்த அன்றைக்கு, கையால் மோட்டார் போடுகிற ஸ்விட்ச்சைச் சீல் வைக்கச் சொன்னதும் அவர்தான். "அது தொறந்து கெடந்தா அப்புறம் பொட்டி எதுக்கு? பழையபடி இருட்டுல வந்து ஆளாளுக்குப் போட்டுக்குவாங்க." அரக்கு உருக்கிச் சீல் வைத்தவன் நான்தான். பெரிய மனுஷன் பேச்சு என்று அன்றைக்கு அவரை மெச்சிக்கொண்டேன்.

இனி எங்கள் முதலாளி தணிகைவேல் சாரைச் சொல்ல வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு வேறு கம்பெனி பார்த்திருப்பேன். சம்பளம் தள்ளிப்போட மாட்டார். யார் வீட்டு விசேஷத்துக்கும் முதல் ஆளாக வந்து நிற்பார். ஆனால் நேரம் காலம் பார்ப்பதில் மட்டும் மனுஷன் அசையாத கல். முதலில் வைத்திருந்த பட்டறையை ராகு காலத்தில் திறந்ததால்தான் மூட வேண்டி வந்தது என்று இன்றைக்கும் நம்புகிறார்.

அதனால் ஊருக்கு அனுப்புகிற இமேஜை வெள்ளிக்கிழமைதான் கட்டுவோம். அதுவும் ராகு காலம் கழிந்து, உச்சிக்குத்தான். சர்வருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, அவரே தன் கையால் பொத்தானைத் தட்டுவார். அவர் சாவிக்கொத்தில் ஒரு பென்டிரைவ் தொங்கும். அதில்தான் கம்பெனியின் கையெழுத்து இருக்கிறது. அந்தக் கையெழுத்து விழுந்த இமேஜைத் தவிர வேறு எதையும் பொட்டி வாங்காது. கண்டவன் கண்டதை இறக்கிவிடக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு, சரியான ஏற்பாடுதான். அந்த ஏற்பாட்டையும் செலின்தான் செய்தாள்.

வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து உச்சி வரைக்கும் ஆபீஸில் ஒருத்தரும் புதிதாக எதையும் தொடமாட்டார்கள். முதலாளி கண்ணெதிரே ராகு காலத்தில் யார் வேலை ஆரம்பிப்பது? டீ குடிப்பார்கள், கதை பேசுவார்கள். செலின் மட்டும் தன்னுடைய சோதனை இமேஜ்களை அந்த நேரத்தில் கட்டிக்கொள்வாள். "வேதக்காரங்களுக்கு ராவு காலம் கெடையாதும்மா, நீ பண்ணு" என்று முதலாளியே சிரித்துக்கொண்டு விட்டுவிடுவார். சர்வர் மொத்தமும் அவள் ஒருத்திக்கு. அவளுக்கு அது வசதியாக இருந்தது.

இந்தத் தவக்காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நவரைப் பட்டம். நெல் பூத்து முடித்துப் பால் பிடிக்கிற நேரம். ஒரு புதன்கிழமை நான் பக்கத்து ஊரில் வால்வு ஒன்றைச் சரிபார்த்துவிட்டு வரும்போது, உச்சி வெயிலில் மோட்டார் கொட்டகை ஓரமாக அல்போன்ஸ் ஐயா தலையில் துண்டோடு உட்கார்ந்திருந்தார். காலை முறைக்காரருக்கு இந்த நேரத்தில் இங்கே என்ன வேலை என்று வண்டியை நிறுத்தினேன்.

"இன்னா ஐயா, இங்க உக்காந்துட்டீங்க?"

"சும்மாதாம்பா."

அப்போது பொட்டிக்குள் டக் என்று சத்தம் கேட்டது. வால்வு திறந்தது. பச்சை விளக்கு எரிந்தது. மோட்டார் மட்டும் ஓடவில்லை. எப்படி ஓடும்? மோட்டாருக்கு வேண்டிய மூணு பேஸ் கரண்ட் எங்கள் பக்கம் ராத்திரி வந்து மறுநாள் முற்பகலோடு போய்விடும். பொட்டியின் சின்னத் திரையில், "அல்போன்ஸ் முறை, காலை 6.00" என்று எழுத்து ஓடியது. என் போனில் மணி பதினொன்றரை.

போனை அவரிடம் காட்டினேன். "எத்தினி நாளா இப்படி?"

"இதோட மூணாவது முறை. பரவால்லப்பா, எதுனா கரண்ட் கோளாறா இருக்கும்."

"கரண்ட் கோளாறா? பொட்டிக்கு மணியே தெரியல ஐயா! ஏன் எனக்குப் போன் பண்ணல? செலின் பாப்பாக்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சொன்னா அவ சோறு தண்ணி இல்லாம உக்காந்துடுவா. சங்கத்துல தெரிஞ்சா, பாத்தியா உம் பொண்ணு பொட்டியன்னு கேப்பாங்க. தானா சரியாயிடும்னு பாத்தேன்."

நிலத்தைப் பார்த்தேன். வெடிப்பு விழுந்திருந்தது. மணல் நிலத்தில் தண்ணீர் நிற்காது. மூன்று நாளைக்கு ஒருமுறை பாய்ச்சியே தீர வேண்டும். கதிர் இன்னும் பச்சையாகத்தான் இருந்தது. நுனி மட்டும் சுருள ஆரம்பித்திருந்தது. அடுத்த முறையாவது கிடைத்தால் பாதியாவது தேறும், இல்லாவிட்டால் மொத்தமும் பதர்தான் என்று எனக்கே தெரிந்தது.

சங்கத்தில் வேறு யாரும் ஏன் சத்தம் போடவில்லை என்கிறீர்களா? பொட்டியின் மணி ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடியதால், ராத்திரி முறைக்காரர்களுக்கு விடியற்காலையில் தண்ணீர் வந்தது. கரண்டும் இருந்தது. தூக்கம் கெடாமல் தண்ணீர் வந்தால் எவன் புகார் சொல்வான்? பக்கத்து நிலத்துக்காரர் சின்னப்பிள்ளை, "பொட்டின்னா பொட்டிதான்யா" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாராம். காலை முறைக்காரர்களில் மற்றவர்கள் கரும்பு வைத்திருந்தார்கள், கொஞ்ச நாள் தாங்கும். நெல் வைத்திருந்தவர் இவர் ஒருத்தர்தான்.

"சீலை ஒடைச்சிட்டுப் போட்டுக்கலாம் ஐயா, காலையில கரண்ட் இருக்கும்போது. நான் ஒடைக்கிறேன்."

"வெக்கச் சொன்னவனே நான்தானப்பா. நானே ஒடைச்சா?"

"சின்னப்பிள்ளைகிட்ட ஒரு முறை கேளுங்களேன்."

"கேட்டா குடுப்பான். ஏன்னு கேப்பான் இல்ல?"

எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே கத்தியிருப்பேன். யாரைப் பார்த்துக் கத்துவது? வண்டியை எடுத்துக்கொண்டு நேரே ஆபீஸுக்குப் போய்ச் செலினிடம் சொன்னேன். அவளுக்குத் தெரியவேண்டாம் என்று அவர் மறைத்ததையும் சேர்த்துச் சொன்னேன்.

அவள் அந்த ஊருக்குக் கடைசியாக அனுப்பிய இமேஜைத் திறந்து பார்த்தாள். அரை டம்ளர் டீ ஆறுவதற்குள் கண்டுபிடித்துவிட்டாள். உலகத்தில் எந்த ஊரில் என்ன மணி என்கிற விவரமெல்லாம் ஒரு ஃபோல்டரில் இருக்குமாம். அதை உள்ளே வைப்பது ஒரு வேலை. அந்த ஃபோல்டரைக் காட்டி, "இந்தப் பொட்டி இந்தியாவில் இருக்கிறது" என்று ஒரு சீட்டு ஒட்டுவது இன்னொரு வேலை. ஃபோல்டர் இருந்தது. சீட்டு இல்லை. எந்த ஊர் என்று தெரியாத பொட்டி உலகப் பொது மணியில் ஓடும், அது நமக்கு ஐந்தரை மணி பின்னால்.

"அவ்ளோதானே, சீட்டை ஒட்டி அனுப்பு" என்றேன்.

"என் இமேஜ்ல எல்லாம் சீட்டு இருக்குதுண்ணா. அதே ஃபைல், அதே கட்டளை. நான் கட்டுனா வருது. சார் கட்டுனதுல மட்டும் இல்ல. ஏன்னு தெரியல."

முதலாளியிடம் போனாள். அவர் பொறுமையாகக் கேட்டார். "அன்னிக்கு ஏதோ ஆயிருக்கும்மா. வர்ற வெள்ளிக்கெழமை எப்படியும் கட்டப்போறோம், சரியாயிடும்" என்றார். இன்றைக்கே கட்டிவிடலாம் என்று அவள் கேட்டதற்கு, நாள் சரியில்லை என்றார். நான் குறுக்கே புகுந்து ஏதோ சொல்லப்போனேன். செலின் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

வியாழன் முழுக்க அவள் கட்டிக் கட்டிப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் சீட்டு இருந்தது. வெள்ளிக்கிழமை ராகு காலத்திலும் கட்டினாள். இருந்தது. தப்பு வந்தால் பிடிக்கலாம், தப்பே வராவிட்டால் எதைப் பிடிப்பது? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தவக்கால வெள்ளி என்பதால் மத்தியானம் வரை ஒன்றும் சாப்பிடவில்லை.

உச்சிக்கு முதலாளி கற்பூரம் காட்டிப் பொத்தானைத் தட்டினார். சென்னையில் ஒரு கல்யாணம் என்று சாவிக்கொத்தோடு கிளம்பிவிட்டார். சாயங்காலம் இமேஜ் வந்தது. கையெழுத்து விழுந்திருந்தது. எல்லாம் வெற்றி என்று பச்சையில் எழுத்து. செலின் திறந்து பார்த்தாள். அப்பா ஊருக்கான இமேஜில் சீட்டு இல்லை.

அவள் போன் போட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"சார், மறுபடி கட்டணும் சார். நீங்க வந்து கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்தா போதும்... இல்ல சார், அப்பா பயிரு... தெரியும் சார்... அஷ்டமின்னா..." அப்புறம் நீளமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். "சரி சார்" என்று வைத்தாள்.

சனிக்கிழமை அஷ்டமி. ஞாயிறு நவமி. திங்கள்கிழமை வந்து முதல் வேலையாகப் போட்டுத் தருகிறேன், உன் அப்பா எனக்கும் அப்பா மாதிரிதான், கெட்ட நாளில் போட்டு மறுபடியும் தப்பு வந்தால் அந்தப் பாவம் என்னைச் சேரும் என்றாராம். மனதார நம்பிச் சொல்கிறவரை என்ன செய்ய முடியும்? சனிக்கிழமைதான் அல்போன்ஸ் ஐயாவின் அடுத்த முறை.

அந்தச் சனிக்கிழமை காலையில்தான் அவளுக்கு விஷயம் பிடிபட்டது. முந்தின நாள் உச்சிக்கு சர்வர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள் இல்லையா? ராகு காலம் முடிந்ததும் சர்வரின் விசிறிகள் திடீரென்று அலறின. பொத்தானைத் தட்டியது முதலாளி மட்டும் இல்லை. ஒன்றரை மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டிருந்த அத்தனை பேரும் அதே நிமிஷத்தில் அவரவர் வேலையைத் தட்டினார்கள். சர்வர் திணறியது. திணறினால் யார் முந்துவார், யார் பிந்துவார் என்று சொல்ல முடியாது. இலைக்காரரை யாரோ பிடித்து நிறுத்திவிட்டார்கள்.

பக்கத்து சீட் சரண்யாவிடமும் மற்றவர்களிடமும் கெஞ்சி, எல்லாரையும் ஒன்றாகத் தட்டச் சொன்னாள். இரண்டு தடவை ஒன்றும் ஆகவில்லை. அடுத்த தடவை சீட்டு காணாமல் போனது. திரையைப் பார்த்தபடி அவள் சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

"ராவு காலத்துல கட்டுனா நல்லா வருதுண்ணா. நல்ல நேரத்துல கட்டுனாதான் கெட்டுப்பூடுது."

"இதை அந்தாளு மூஞ்சிக்கு நேரா நான் சொல்றேன்" என்று குதித்தேன்.

"சொல்லி இன்னா ஆவப்போவுது? அவரு நேரத்து மேல தப்பு இல்லண்ணா. எலைக்கு அப்புறம்தான் சோறுன்னு நாங்க எழுதாம வுட்டதுதான் தப்பு."

ஒரே ஒரு வரி. ஃபோல்டர் வேலை முடிந்த பிறகே சீட்டு வேலை என்று எழுதினாள். அதற்கும் கீழே, சீட்டு ஒட்டுகிற இடத்தில், யாரோ எப்போதோ எழுதிவைத்த ஒரு வால் இருந்தது. ஃபோல்டர் இல்லையென்றால் பரவாயில்லை, மேலே போ என்று அர்த்தமாம். அதையும் பிடுங்கினாள். "தப்புன்னா நின்னு கத்தணும். கத்தாம வெற்றின்னு சொல்லிட்டுப் போறதுதாண்ணா ஆளைக் கொல்லுது." அன்றைக்கு ஆரம்பித்தவள், மொத்த சாஃப்ட்வேரிலும் அந்த மாதிரி வால்களைத் தேடித் தேடி இன்றுவரை பிடுங்கிக்கொண்டிருக்கிறாள்.

எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் கையெழுத்து இல்லை. சரியான இமேஜ் சர்வரில் சும்மா கிடந்தது. அங்கே ஊரில் பதினொன்றரைக்குப் பொட்டி டக் என்று திறந்து, கரண்ட் இல்லாத மோட்டாருக்குப் பச்சை விளக்கு காட்டி, நேரம் முடிந்ததும் முறை வழங்கப்பட்டது என்று எழுதிக்கொண்டிருந்தது. அவள் ஜன்னல் பக்கம் போய் நின்றாள். டீ வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அல்போன்ஸ் பூசைக்கு வந்திருக்கிறார். பயிர் எப்படி என்று கேட்டிருக்கிறாள். "பரவால்லமா, பச்சையாத்தான் இருக்குது" என்றாராம். நானும் வருகிறேன் என்று பையை எடுத்திருக்கிறாள். "வெயில்ல நீ எதுக்கு அலையிற, வேலையைப் பாரு" என்று முந்திக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

திங்கள்கிழமை ராகு காலம் கழிந்த கையோடு முதலாளி வந்தார். சொன்ன சொல் தவறவில்லை. செலின் கேட்டபடி எல்லாரும் ஒன்றாகத் தட்டினார்கள், சர்வர் அலறியது, ஆனாலும் சீட்டு ஒட்டியே இருந்தது. இமேஜ் பொட்டியில் இருக்கிற சிம் வழியாகவே ஊருக்குப் போய் இறங்கியது. "பாத்தியாம்மா, நல்ல நாள் பாத்துப் போட்டதும் சரியாயிடுச்சு" என்றார் முதலாளி. செலின் தலையை ஆட்டினாள்.

மறுநாள் காலையில் நான் அங்கே போய் நின்றேன். போகச் சொன்னது அவள்தான். "அப்பா சொன்னா நம்ப முடியாதுண்ணா, நீங்க பாருங்க."

ஆறு மணிக்கு டக் என்றது. மோட்டார் ஓடியது. வாய்க்காலில் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு வந்தது. அல்போன்ஸ் ஐயா மடையில் மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், அவருடைய நெல்லுக்குள், ஆட்டு மந்தை ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. கதிரெல்லாம் வெளுத்துப்போய் விறைப்பாக நின்றது. ஒன்றைப் பிடுங்கி விரலால் நசுக்கினேன். உள்ளே ஒன்றும் இல்லை.

"நேத்துதாம்பா வுட்டேன்" என்றார். "கறுக்காயாப் பூடுச்சு. அறுத்தா கூலிக்குத்தான் ஆவும். வாயில்லா ஜீவனாவது துன்னட்டும்."

அவருடைய போன் அடித்தது. மகள்தான்.

"ஆ, வந்துச்சுமா. ஆறு மணிக்கு டாண்ணு வந்துச்சு. எழிலரசன் தம்பி கூட பக்கத்துலதான் இருக்குது... நனையுதுமா. எல்லாம் நல்லா நனையுது." ஆடு ஒன்று கத்தியது. அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு இரண்டடி தள்ளிப் போனார். "ரோட்டுல போவுதுமா... ம்... ம்." பிறகு என்னிடம் போனை நீட்டினார். "உன்னாண்ட பேசணுமாம்."

"அண்ணா" என்றாள். குரல் தணிந்திருந்தது. "ரோட்டுல போற ஆடு இப்படி ஒரே எடத்துல நின்னு கத்தாது. ஆடு எங்க நிக்குது?"

அல்போன்ஸ் ஐயா என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று சைகைகூடக் காட்டவில்லை. சும்மா பார்த்தார். எதற்கெடுத்தாலும் கத்துகிறவன் நான், டீயில் ஈ விழுந்தால்கூடத் தெருவே கேட்கும்படி கத்துகிறவன்.

"பரவால்லம்மா" என்றேன்.

வைத்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். வைக்கவில்லை.

"சரிண்ணா" என்றாள் கடைசியில். "அப்பாவ வெயில் ஏறறதுக்குள்ள வூட்டுக்குப் போவச் சொல்லுங்க."

அவர் போகவில்லை. தன் மடையை அடைத்துவிட்டு, சின்னப்பிள்ளை நிலத்துப் பக்கம் மண்ணை வெட்டி விட்டார். தண்ணீர் அந்தப் பச்சைக்குள் ஓடியது. நேரம் முடிகிற வரைக்கும் இரண்டு பேரும் கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்தோம். பொட்டி டக் என்று மூடிக்கொண்டது. திரையில், "அல்போன்ஸ், முறை வழங்கப்பட்டது" என்று எழுத்து வந்தது. இந்தத் தடவை அது சரியாகத்தான் சொன்னது.